உதய்ப்பூரில் பெரிய ஓட்டலில் ரூம் போடுவதற்கு முன்

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அவரையும் அம்மாவையும் உதய்ப்பூருக்கு அழைத்துப் போனேன். பிச்சோலா ஏரிக்கரையில் ஒரு பழைய ஹவேலியில், அதாவது ஓட்டலாக்கிய பழங்கால மாளிகை வீட்டில், 'லேக் வியூ' அறை. சாதாரண அறையைவிட இரவுக்கு மூவாயிரம் கூடுதல். பெட்டியை வைத்த கையோடு அம்மா திரையை விலக்கினார். எதிர்வீட்டு மொட்டைமாடி, ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் காய்கிற போர்வை. "ஏரி எங்கடா?" என்றார். கால் மணி நேரம் கழித்துக் குளியலறைக்குள் இருந்து அப்பாவின் குரல் வந்தது: "இங்க இருக்கு, வந்து பாரு." வென்டிலேட்டர் வழியாக, கொஞ்சம் எக்கி நின்றால், ஏரி தெரிந்தது. ஓட்டல்காரர்கள் பொய் சொல்லவில்லை. நான்தான் எந்தச் சன்னல் என்று கேட்கவில்லை.

அந்த ஓட்டலின் பெயர் வேண்டாம். அதற்குப் பிறகு இரண்டு முறை போய்வந்துவிட்டேன். தெரிந்தவர்கள் நாலைந்து பேருக்கு ரூம் போட்டும் கொடுத்திருக்கிறேன். முதல்முறை போகிறவர்கள், அதுவும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது அரண்மனை ஓட்டலில் தங்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள், எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் கரையைத் தேர்ந்தெடுங்கள், ஓட்டலை அப்புறம்

எல்லோரும் ஓட்டல் பெயரில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். உதய்ப்பூரில் அது தலைகீழ் வழி. ஊரின் அமைப்பை ஒரு நிமிடம் மனதில் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் பிச்சோலா ஏரி. அதன் கிழக்குக் கரையில் சிட்டி பேலஸ். அதே கரையில் அரண்மனைக்கு வடக்கே பழைய ஊர்: ஜகதீஷ் கோயில், லால் காட், கங்கௌர் காட் என்று படித்துறைகள். எதிரே மேற்குக் கரையில் ஹனுமான் காட், அம்ராய் காட். இன்னும் தள்ளி லீலா பேலஸ், உதய்விலாஸ், ட்ரைடென்ட் என்று பெரிய ஓட்டல்கள். ஏரியின் நடுவே வெள்ளையாக மிதப்பது ஜக் நிவாஸ், அதாவது இன்றைய தாஜ் லேக் பேலஸ் ஓட்டல். சற்றுத் தெற்கே இன்னொரு தீவில் ஜக் மந்திர்.

இப்போது சூரியனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் தங்கினால் தண்ணீருக்கு அப்பால், ஆரவல்லி மலைகளுக்குப் பின்னால், சூரியன் இறங்குவது உங்கள் சன்னலில் நடக்கும். ஆனால் சிட்டி பேலஸ் உங்களுக்குத் தெரியாது, அல்லது பக்கவாட்டில் ஒரு மூலைதான் தெரியும். நீங்கள் அதன் காலடியில் இருக்கிறீர்கள். மேற்குக் கரையில் தங்கினால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இறங்கும். அந்த வெயில் எதிர்க்கரை அரண்மனைச் சுவர் முழுக்க மஞ்சளாக அடிக்கும். இருட்டியதும் விளக்குப் போடுவார்கள், அந்த வெளிச்சம் தண்ணீரில் நீளமாக விழும். புத்தக அட்டைகளிலும் காலண்டர்களிலும் நீங்கள் பார்த்த உதய்ப்பூர், பெரும்பாலும் மேற்குக் கரையில் நின்று எடுத்ததுதான்.

ஆக, அரண்மனைக்குள் தங்க வேண்டுமா, அரண்மனையைப் பார்த்துக்கொண்டு தங்க வேண்டுமா? இரண்டும் ஒரே அறையில் கிடைக்காது. லேக் பேலஸில் தங்கினவர் ஒருவர் திரும்பி வந்து, "எல்லாம் பிரமாதம், ஆனா லேக் பேலஸ் போட்டோ ஒண்ணுகூட இல்ல" என்று சிரித்தார். உள்ளே இருந்தால் எப்படித் தெரியும்? என்னைக் கேட்டால் முதல்முறை போகிறவர்களுக்கு மேற்குக் கரை. இரண்டாம் முறை உள்ளே போகலாம்.

ஊருக்குள் நடந்து திரிய ஆசை, கடைத்தெரு வேண்டும், சாயங்காலம் ஏழு மணிக்கு பாகோர் கி ஹவேலியில் நடக்கும் ராஜஸ்தானி நடனம் பார்க்க வேண்டும் என்றால் கிழக்குக் கரைப் பழைய ஊர்தான் வசதி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானம் உண்டு: ஹனுமான் காட். அங்கிருந்து சிட்டி பேலஸும் தெரியும், தாய்ஜி நடைபாலத்தில் ஏறி இறங்கினால் கங்கௌர் காட் பக்கமும் வந்துவிடலாம். அமேட் ஹவேலி என்ற ஓட்டல் இருப்பது இந்தப் பக்கம்தான்.

ஃபதே சாகர் ஏரியோரமும் நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன. உதய் சாகர் ஏரியில் ஒரு தீவில் ராஃபிள்ஸ் ஓட்டல் 2021இல் திறந்தது. அவை தனி ரகம். அமைதி கிடைக்கும், பழைய ஊருக்கு ஒவ்வொரு தடவையும் வண்டி பிடிக்க வேண்டும். ஓட்டலை விட்டு வெளியே வரவே போவதில்லை என்றால் தாராளமாகப் போடலாம்.

பழைய அரண்மனையா, அரண்மனை மாதிரியா

படத்தில் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும். குவிமாடம், வளைவு, தாமரைக்குளம். ஆனால் லேக் பேலஸ் 1743 முதல் 1746 வரை இரண்டாம் ஜகத் சிங் மகாராணா தன் கோடைக்காலத்துக்குக் கட்டிக்கொண்டது, 1960களில்தான் ஓட்டலானது. சிட்டி பேலஸ் வளாகத்துக்குள் இருக்கும் ஷிவ் நிவாஸ், ஃபதே பிரகாஷ் ஓட்டல்களும் நிஜமான அரண்மனைப் பகுதிகள். உதய்விலாஸ் 2002இல் வந்த கட்டடம், லீலா 2009இல் வந்தது. மேவாரி பாணியில், அதாவது உதய்ப்பூர் ராஜாக்களின் மேவார் நாட்டுப் பாணியில், வேலைப்பாடு நன்றாகவே செய்திருக்கிறார்கள், ஆனால் எந்த ராஜாவும் அங்கே தூங்கவில்லை.

புதியது என்பதால் குறைச்சல் என்று நான் சொல்லவில்லை. பெற்றோரோடு போகிறவர்களுக்குப் புதியதையே சிபாரிசு செய்வேன். பழைய கட்டடத்தில் சுவர் இரண்டடி, மூன்றடி கனம் இருக்கும். அறைக்குள் குளுமையாக இருக்கும், கூடவே செல்போன் சிக்னல் இருக்காது. நிலைப்படி உயரம், வாசல் குள்ளம்; குனியாமல் போனால் நெற்றியில் வாங்கிக்கொள்வோம். அப்பா முதல் நாளே வாங்கினார். குளியலறை பின்னாளில் எங்கேயோ ஒரு மூலையில் செருகியதாக இருக்கும், உள்ளே போக இரண்டு படி இறங்க வேண்டும், இரவில் தூக்கக் கலக்கத்தில் அது ஆபத்து. ஓர் அறை மாதிரி இன்னோர் அறை இருக்காது. அதுதான் அதன் அழகு, ரூம் போடும்போது அதுதான் தலைவலியும். ஒரே விலையில் ஒரு குடும்பத்துக்கு ஜரோக்கா வைத்த அறை கிடைக்கும், அடுத்த குடும்பத்துக்கு முற்றத்தைப் பார்த்த இருட்டறை கிடைக்கும்.

ஜரோக்கா என்பது சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாளர மாடம். அதில் மெத்தை போட்டு, திண்டு வைத்திருப்பார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தண்ணீர் நேரே கீழே. விடிகாலையில் அதில் உட்கார்ந்து டீ குடித்தால் கொடுத்த காசு நினைவுக்கு வராது. பழைய ஹவேலிக்குப் போவதென்றால் இது இருக்கும் அறையாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். இது இல்லாத ஹவேலி அறைக்கு அவ்வளவு விலை கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

பெயரில் 'பேலஸ்', 'ஹெரிடேஜ்' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மத்தியச் சுற்றுலா அமைச்சகம் தரும் ஹெரிடேஜ் தரச்சான்று வேறு. 1950க்கு முன் கட்டிய அரண்மனை, கோட்டை, ஹவேலி போன்றவற்றுக்குத்தான் அது கிடைக்கும். அதில் 'கிளாசிக்', 'கிராண்ட்' என்ற மேல்தரங்களுக்கு 1935க்கு முந்தைய கட்டடமாக இருக்க வேண்டும். சான்று இருக்கிறதா, எந்தத் தரம் என்று நேராகவே கேட்கலாம். இருக்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

இன்னொன்று. நிஜ அரண்மனை ஓட்டலிலும் எல்லா அறையும் அரண்மனை அறை என்று நினைக்காதீர்கள். பல ஊர்களில் பின்னாளில் ஒட்டிக் கட்டிய பக்கவாட்டுக் கட்டடம் ஒன்று இருக்கும். விலை குறைந்த அறைகள் அதில்தான் வரும். "அறை பழைய கட்டடத்தில் இருக்கிறதா, புதிய பகுதியில் இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வி போதும்.

தேதி

அக்டோபர் முதல் மார்ச் வரை சீசன். நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை கல்யாண சீசனும் அதே நேரம். உதய்ப்பூர் கல்யாண ஊர். வசதியானவர்கள் இந்தியா முழுவதும் இருந்து இங்கே வந்து முகூர்த்தம் வைக்கிறார்கள். பெரிய ஓட்டலை மொத்தமாகக் கல்யாண வீட்டார் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு ரூம் கிடைக்காது, அது பரவாயில்லை. பாதி ஓட்டலை எடுத்துக்கொண்டு மீதிப் பாதியில் நீங்கள் இருந்தால்தான் கஷ்டம். நீச்சல்குளத்தைச் சுற்றி ஷாமியானா, காலைச் சாப்பாட்டுக்கு வரிசை, சாயங்காலம் பேண்டு வாத்தியம். தண்ணீர் மேல் சத்தம் தடையில்லாமல் வரும் என்பதால் எதிர்க்கரைக் கல்யாணத்தின் டிஜே பாட்டும் உங்கள் கட்டிலுக்கே வந்துவிடும். "அந்த நாட்களில் உங்கள் ஓட்டலில் கல்யாணமோ கம்பெனி விழாவோ இருக்கிறதா?" என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 24, 31 தேதிகளில் பல ஓட்டல்களில் 'காலா டின்னர்' (கொண்டாட்ட விருந்து) என்று ஒன்றைக் கட்டாயமாகத் தலையில் கட்டுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். அறை விலையில் அது தெரியாது.

பிச்சோலா தானாக உண்டான ஏரி இல்லை. 14ஆம் நூற்றாண்டில் கரை கட்டித் தேக்கியது, மழையை நம்பித்தான் நிறைகிறது. மழை பொய்த்த வருஷங்களில் வற்றிப்போய் லேக் பேலஸ் வரைக்கும் ஆட்கள் தரையிலேயே போயிருக்கிறார்கள். ஏரிக்காகப் பணம் கொடுக்கிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்க்கலாம். என் தேர்வு செப்டம்பர் கடைசி. மலை பச்சையாக இருக்கும், தண்ணீர் நிறைந்திருக்கும், சீசன் விலை இன்னும் ஏறியிருக்காது. கொஞ்சம் புழுக்கம் உண்டு, நமக்கு அது புதிதா என்ன.

படி, படகு, சந்து

பழைய ஊர்ச் சந்துகளில் ஆட்டோ போகும், பெரிய வண்டி போகாது. விமான நிலையம் டபோக்கில், ஊரில் இருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து இன்னோவாவில் ஜம்மென்று வந்து, கடைசி முந்நூறு மீட்டருக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு, மாட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் வழிவிட்டுக்கொண்டு நடப்பது நல்ல ஆரம்பம் இல்லை. வண்டி வாசல் வரை வருமா, வராது என்றால் ஆள் அனுப்புவார்களா என்று கேளுங்கள். அனுப்புவார்கள், கேட்டால்.

லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. "லிஃப்டில் இருந்து அறை வரைக்கும் எத்தனை படி?" என்று கேளுங்கள். நாங்கள் தங்கிய இடத்தில் மூன்றாம் மாடிக்குக் குறுகலான கல் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் முக்கால் முழம் உயரம், கைப்பிடி கிடையாது, திரும்புகிற இடத்தில் இருட்டு. அம்மா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டார். அரண்மனையே ஆனாலும் முட்டிவலிக்காரர்களுக்கு அது சிறைதான்.

லேக் பேலஸுக்குப் படகில்தான் போக வேண்டும், தங்குகிறவர்களைத்தான் ஏற்றுவார்கள். லீலாவிலும் படகில் அழைத்துப்போய் வரவேற்கிற வழக்கம் உண்டு. அது ஒரு நல்ல அனுபவம், ஆனால் ஒவ்வொரு முறை ஊருக்குள் போய்வரவும் படகுத்துறையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். படகில் ஏறும்போது ஓர் அடி தாண்ட வேண்டும். கை கொடுக்க ஆள் இருப்பார்கள்.

ஜகதீஷ் கோயில் 1651இல் கட்டியது, இன்றும் வழிபாடு நடக்கிற கோயில். பக்கத்தில் தங்கினால் விடிகாலை மணியோசை கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. என் நண்பன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டான்.

போன் போடுங்கள்

ரூம் போடும் செயலிகளில் விலை பார்த்துக்கொள்ளலாம், ஆனால் முடிவு செய்வதற்கு முன் ஓட்டலுக்கே நேராகப் போன் செய்யுங்கள். செயலியில் பார்த்த விலையைச் சொல்லி, "நேராக உங்களிடம் போட்டால் என்ன தருவீர்கள்?" என்று கேட்டால், விலை குறையாவிட்டாலும் காலைச் சாப்பாடோ, நல்ல அறையோ, ஒரு மணி நேரம் முன்னதாக செக்-இன்னோ கிடைக்க வாய்ப்பிருக்கிறது. செயலி வழியாக வருகிறவருக்குக் கமிஷன் போகிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

காட்சி விஷயத்தில் வார்த்தைகளைக் கவனியுங்கள். 'லேக் ஃபேசிங்' என்றால் வழக்கமாக அறை ஏரியைப் பார்த்து இருக்கிறது. 'லேக் வியூ' என்றால் எங்கிருந்தோ ஏரி தெரிகிறது. 'பார்ஷியல்' என்ற வார்த்தை வந்தால் என் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது கேட்பது ஒன்றே ஒன்று: "கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா?" அந்த அறையின் எண்ணையும் கேட்டு, முன்பதிவு மின்னஞ்சலில் அந்த எண் வரும்படி செய்துவிடுகிறேன். உறுதி தர முடியாது என்று சிலர் சொல்வார்கள்; 'முயற்சி செய்கிறோம்' என்று எழுதி வாங்கினாலும் ஒரு பிடி இருக்கும்.

சாப்பாட்டுத் திட்டங்களுக்குச் சுருக்கெழுத்து வைத்திருப்பார்கள். ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் காலைச் சாப்பாட்டோடு. எம்.ஏ.பி. என்றால் காலையும் இன்னொரு வேளையும். ஏ.பி. என்றால் மூன்று வேளையும். உதய்ப்பூரில் சி.பி.க்கு மேல் போகாதீர்கள். மதியம் வெளியேதான் சுற்றுவீர்கள்; தால்-பாட்டி-சுர்மாவும் (பருப்பு, சுட்ட கோதுமை உருண்டை, இனிப்புப் பொடி) கட்டே கறியும் (கடலைமாவுத் துண்டுகள் போட்ட குழம்பு) ஊருக்குள் சாப்பிட வேண்டியவை. பெரிய ஓட்டல்களின் காலைப் பந்தியில் பெரும்பாலும் இட்லி இருக்கும். சாம்பாரில் இனிப்பு இருக்கும், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பில்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். திரையில் தெரியும் விலையில் வரி சேர்ந்திருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 7,500 ரூபாய் அறை வரியோடு 7,875. வெறும் நூறு ரூபாய் கூட்டி 7,600க்கு எடுத்தால் வரியோடு 8,968. நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்றாகிவிட்டது. உங்கள் பட்ஜெட் இந்தக் கோட்டை ஒட்டி இருந்தால், 'கொஞ்சம் குறைத்து 7,500க்குள் தர முடியுமா?' என்று கேட்பதில் தப்பே இல்லை. லேக் பேலஸ், உதய்விலாஸ் மாதிரி இடங்களில் சீசனில் ஓர் இரவே அரை லட்சத்தைத் தாண்டும். அங்கே வரியே ஒரு நல்ல ஹவேலி அறையின் வாடகை.

பெரிய ஓட்டலுக்குள் சாப்பிட்டால் சாப்பாட்டு பில்லுக்கும் 18 சதவீதம் வரும். வெளியே சாதாரண உணவகத்தில் 5 தான். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். குரலை உயர்த்த வேண்டியதில்லை.

கேன்சல் செய்தால் திரும்பக் கிடைக்காத விலை கொஞ்சம் மலிவாக இருக்கும். விமான டிக்கெட் கைக்கு வராமல் அதைத் தொடாதீர்கள்.

எத்தனை இரவு, எந்த இரவு

நான் சொல்கிற ஏற்பாடு இது. மூன்று இரவு என்றால் முதல் இரண்டு இரவும் ஒரு நடுத்தர ஹவேலியில். கும்பல்கர் கோட்டை, ரணக்பூர் சமணக் கோயில் மாதிரி முழுநாள் பயணங்களை அந்த நாட்களில் முடித்துவிடுங்கள்; இரண்டும் ஊரில் இருந்து ஏறக்குறைய எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர். சிட்டி பேலஸும் அப்போதே பார்த்தாகிவிடும். கடைசி இரவு மட்டும் பெரிய ஓட்டல். செக்-இன் இரண்டு மணி என்றால் ஒன்றரைக்கே வாசலில் நில்லுங்கள். அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைக்காதீர்கள். அரை லட்சம் கொடுத்து அறை எடுத்துவிட்டு நாள் முழுக்கக் கோட்டை ஏறிவிட்டு, இரவு பத்து மணிக்கு வந்து படுத்தவர்களை எனக்குத் தெரியும். மறுநாள் விமானமும் மதியத்துக்குமேல் இருக்கட்டும். காலையில் ஏழு மணிக்கு டாக்ஸி பிடிப்பதென்றால் அந்த அறையை எடுப்பதே வீண்.

தங்க வசதி இல்லையா, ஒரு வேளை சாப்பாட்டுக்குப் போகலாம். ஜக் மந்திருக்குப் பயணிகள் படகு போகிறது, அங்கே உணவகம் உண்டு. அமேட் ஹவேலியின் அம்ராய் உணவகத்தில் இருட்டுகிற நேரத்துக்குத் தண்ணீரோர மேசை கேட்டு முன்பதிவு செய்தால், மேற்குக் கரையின் அதே காட்சி ஒரு சாப்பாட்டு விலையில்.

போய் இறங்கியதும்

எல்லோரும் ஒரிஜினல் ஆதாரோ பாஸ்போர்ட்டோ வைத்திருங்கள், பான் கார்டை ஏற்க மாட்டார்கள். அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் திரையை விலக்குங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் விடுங்கள், ஏசியைப் போட்டு அதன் சத்தத்தைக் கேளுங்கள், கழிவறைக்கு இறங்கும் படியைப் பாருங்கள். சொன்ன அறை இல்லை என்றால் அப்போதே கீழே போய், வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டி, மாற்றிக் கேளுங்கள். பெட்டியைத் திறந்து துணியை அலமாரியில் அடுக்கிவிட்டால் நமக்கே கேட்க மனசு வராது, அவர்களுக்கும் அது தெரியும். இரண்டாம் முறை நான் இப்படித்தான் கேட்டேன். பத்து நிமிடத்தில் வேறு அறை கொடுத்தார்கள். ஜரோக்காவில் திண்டைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்து, அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு ஏரியைக் காட்டினேன். "குளியலறையில இருந்தா பேசற?" என்று கேட்டார்.